பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கி: கண்டெடுத்த நிமிடம் முதல் லைசென்ஸ் வரை

கடலூர், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருப்பது அதிசயமில்லை. மிராசுதார் குடும்பங்கள், முந்திரித் தோப்பு வைத்திருந்தவர்கள், பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர்கள் என்று பலரும் அந்தக் காலத்தில் முறையாக அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். வைத்திருந்தவர் காலமானதும் அது பரணுக்கோ பீரோவின் முதுகுப் பக்கத்துக்கோ போய்விடும். பிறகு பாகப்பிரிவினையின்போது வெளியே வரும். இல்லையென்றால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஓட்டைப் பிரித்துப் போட்டதுபோல ஏதாவது நடந்து, வீட்டை ஒழிக்கும்போது வரும்.

வந்ததும் வீட்டில் நடப்பது என்ன? ஒருவர் எடுத்துத் தோளில் சாய்த்துக் குறி பார்ப்பார். இன்னொருவர் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார். மூன்றாமவர் உப்புத்தாள் எடுத்துத் துருவைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். முதல் காரியம் உயிருக்கு ஆபத்து. மற்ற இரண்டும் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். விலை என்ன போகும், எந்த நாட்டுச் சரக்கு என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். அதை அசையாமல் வைப்பதும், காகிதத்தைத் தேடுவதும், தகவல் சொல்வதும்தான் முதல் வேலை, அதுவும் இதே வரிசையில்.

1. எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். அறையைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

"அறுபது வருஷமா யாரும் தொடல, உள்ள என்ன இருக்கப் போவுது" என்று பெரியவர் யாராவது சொல்வார். அந்தப் பேச்சை நம்பவே வேண்டாம். கருமருந்தில் ஈரம் ஏறாதவரை அது தலைமுறை கடந்தும் பற்றக்கூடியது. காட்டுப்பன்றிக்காகக் கெட்டித்து வைத்துவிட்டு, பன்றி வராத இரவில் அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுப் போன துப்பாக்கியாகக்கூட அது இருக்கலாம்.

பரணில் ஏறுகிறவர் கைக்கு முதலில் எட்டுவது பெரும்பாலும் குழல் முனைதான். அதைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். பின்பக்கத்தில் விசையோ குதிரையோ (அடித்து வெடிக்க வைக்கிற சுத்தி) சாக்கு நூலில் மாட்டி இழுபடும். முனை எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது? அவர் நெஞ்சைத்தான். நகர்த்தியே தீர வேண்டும் என்றால் தோளில் சாய்க்கிற கட்டைப் பக்கம் போய், இரண்டு கையாலும் தூக்கி, முனை ஆள் இல்லாத திசையைப் பார்க்க, விசை வளையத்துக்குள் விரலே போகாமல் இறக்க வேண்டும். கீழே நிற்பவர்கள் விலகியிருக்க வேண்டும். துணியைச் சுற்றிக் கட்டியிருந்தால் அந்தத் துணியை உருவாதீர்கள்.

ஆயுத பூஜைக்கு இறக்கிச் சந்தனம், குங்குமம் வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பூஜை முடியும்வரை கூடத்துத் தரையில், குழந்தைகள் தவழ்கிற உயரத்தில் அது கிடக்கும். ஈரச் சந்தனம் இரும்பின் பொடித் துளைகளில் இறங்கித் துருவுக்கு இடம் கொடுக்கும். படத்துக்கு மாலை போடுங்கள், துப்பாக்கியை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

2. தொடாமலே வகையைக் கண்டுபிடிப்பது

டார்ச் வெளிச்சத்தில் வெளியிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

குழலின் பின்முனை மூடியிருந்து, குழலுக்கு அடியில் ஒரு நீளக் கம்பி செருகியிருந்தால், அது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. பின்பக்கம் காம்பு மாதிரி சிறிய முனை ஒன்று இருக்கும். அதன்மேல் கேப் என்ற சிறு வெடிமூடியைச் செருகி, குதிரை அடித்தால் வெடிக்கும். லைசென்ஸில் இதை எஸ்.பி.எம்.எல். அல்லது டி.பி.எம்.எல். என்று எழுதியிருப்பார்கள். முதலாவது ஒற்றைக்குழல், இரண்டாவது இரட்டைக்குழல். பயிர்க் காவலுக்குக் கொடுத்தவை பெரும்பாலும் இந்த வகை.

குழல் பின்பக்கம் மடிந்து திறக்கிற வகையில் தோட்டா போடுவார்கள். இதற்கு எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று பெயர். இதிலும் இரண்டு உண்டு. ஒன்றில் குதிரைகள் வெளியே தெரியும். இன்னொன்றில் எதுவும் தெரியாது, எல்லாம் உள்ளே இருக்கும். குதிரை தெரிகிற பழைய துப்பாக்கியில், இறக்கி விட்ட குதிரை, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் அடிமுள்ளின் மேலேயே நேராக உட்கார்ந்திருக்கக்கூடும். உள்ளே தோட்டா இருந்து குதிரையின் தலையில் ஒரு தட்டு விழுந்தால் போதும். உள்ளடக்கிய வகையில் மேலே ஒரு சிறு தள்ளு பொத்தான் இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் பாதுகாப்பு என்று சொல்வார்கள். பெரும்பாலானவற்றில் அது விசையை மட்டும்தான் தடுக்கும். கீழே விழுந்தாலோ உள்ளே தேய்மானம் இருந்தாலோ அது உத்தரவாதமில்லை.

புதுச்சேரி வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவலாக இருந்த முள் தோட்டா வகை அது. தோட்டாவின் பித்தளை அடியின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய முள் நீட்டிக்கொண்டிருக்கும். குழல் மூடியிருக்கும்போதும் மேலே அந்த முள்ளுக்கான பள்ளம் தெரியும். அந்தத் தோட்டாவைக் கீழே போட்டு முள் தரையில் பட்டாலே வெடித்துவிடலாம். டப்பாவில் அப்படித் தோட்டாக்கள் இருந்தால் டப்பாவையே தூக்க வேண்டாம்.

3. உள்ளே இருக்கிறதா, இல்லையா

மடிக்கிற வகையைப் பழகத் தெரிந்தவர் மட்டும் திறக்கலாம். முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசையிலிருந்து விலக்கி, மேலே உள்ள நெம்புகோலை வலப்பக்கம் தள்ளினால் குழல் கீழே மடியும். தோட்டா உட்காரும் அறைகள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். வெறுமையாக இருந்தால் திறந்தபடியே வைத்துவிடலாம். தோட்டா இருந்து, விரலால் எளிதாக வந்தால் எடுத்துத் தனியாக வைக்கலாம்.

வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழைய தோட்டாக்கள் அட்டைக் கூடு போட்டவை. நம் கடற்கரைக் காற்றில் அட்டை ஊதி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பித்தளை அடியில் பச்சை பூத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது, முன்பக்கமிருந்து கம்பியால் குத்துவது எல்லாம் கேப்பைச் சீண்டுகிற வேலை. நெம்புகோல் துருப்பிடித்து நகராவிட்டாலும் தட்டித் திறக்க முயல வேண்டாம்.

வாய்வழி கெட்டிக்கும் வகையில் கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆயுத வியாபாரியிடம் உள்ள மெக்கானிக் மரக்குச்சியை முனையிலிருந்து உள்ளே விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்து, அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிடுவார். குச்சி காம்பு இருக்கும் இடம்வரை எட்டினால் வெறுமை. நான்கு விரற்கடை குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன, அல்லது குளவி கூடு கட்டியிருக்கிறது. எது என்று தெரியாததால்தான் இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்கிறேன். முனைக்கு எதிரே கையை வைத்துச் செய்கிற சோதனை இது. கேப் செருகியிருந்தால் அதைக் கழற்றவும் முயலாதீர்கள்.

4. காகிதத்தைத் தேடுங்கள்

துப்பாக்கியைவிட முக்கியம் லைசென்ஸ் புத்தகம். நிலப் பத்திரக் கட்டு, பட்டா, இன்சூரன்ஸ் காகிதங்களோடு கிடக்கும். அதில் தயாரிப்பாளர் பெயர், போர் அளவு (குழல் துளையின் அளவு), துப்பாக்கி எண், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், எந்த எல்லைக்குள் செல்லும், கடைசியாக எப்போது புதுப்பித்தது என்பதெல்லாம் இருக்கும். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது கிடைத்தால் அதுவும் நல்ல ஆதாரம்.

புதுச்சேரியில் 1954-க்கு முந்தைய பிரெஞ்சுக் காகிதம் கிடைக்கலாம். குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று காட்ட அது உதவும், பத்திரமாக வையுங்கள். ஆனால் இன்றைய லைசென்ஸுக்கு அது ஈடாகாது.

துப்பாக்கியில் உள்ள எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எண் குழலிலும், விசை வளையத்தின் வாலிலும், பின்பக்க இரும்பிலும் இருக்கலாம். துரு மறைத்திருந்தால் மறைத்தபடியே இருக்கட்டும். உப்புத்தாள் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதன் காரணம் இதுதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் அழிப்பதைத் தடை செய்கிறது. அழிந்த நிலையில் ஒருவரிடம் இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை அவரே அழித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல் துருவைத் தேய்த்தவர் இந்த இடத்தில் வந்து நிற்பார். குழல் நீளமாக இருக்கிறது, அறுத்து அழகாக மாட்டலாம் என்பதும் அப்படித்தான். 6-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் குழலைக் குறைப்பது தனிக் குற்றம்.

5. ஸ்டேஷனுக்குச் சொல்வது

பலர் தயங்கி நிற்பது இந்தப் படியில்தான். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. தாத்தாவோடு அதுவும் முடிந்தது. அதன்பின் வீட்டில் வைத்திருப்பது, எவ்வளவு பாசத்தோடு வைத்திருந்தாலும், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு.

அதே சட்டம் வழியும் காட்டுகிறது. வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், வீண் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குறித்த காலத்துக்குள் லைசென்ஸ் பெற்றுத் திரும்ப வாங்கலாம், உரிமை உள்ளவருக்கு விற்கலாம். இரண்டும் செய்யாமல் காலம் கடத்தினால்தான் அது அரசுடைமையாகும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தது பற்றி வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. கண்டெடுத்த உடனே எழுத்தில் தெரிவித்த குடும்பமும், யாரோ போட்டுக்கொடுத்து ரெய்டில் மாட்டிய குடும்பமும் அவர் மேசையில் ஒரே மாதிரி தெரிய மாட்டார்கள்.

நீங்களே சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்யுங்கள், எண் தெரியாவிட்டால் 112. இன்ன முகவரியில், இன்னாருடைய லைசென்ஸ் துப்பாக்கி, அவர் இன்ன வருடம் காலமானார், இன்றுதான் பார்த்தோம், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வதுதான் நல்லது. கூடவே மனு ஒன்று எழுதி, பழைய லைசென்ஸ் நகலும் இறப்புச் சான்றிதழ் நகலும் இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். லைசென்ஸே கிடைக்கவில்லை, இருந்ததா என்றும் தெரியவில்லை என்றால், வக்கீலை உடன் அழைத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எல்லை நேர்க்கோடாக ஓடவில்லை. வீடு பாகூரில் இருக்கும், மகன் மஞ்சக்குப்பத்தில் இருப்பார். துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு முள்ளோடை வழியாக வந்தால், லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தோடு ஒரு யூனியன் பிரதேசத்திலிருந்து மாநிலத்துக்குள் வந்ததாகிவிடும். மது பாட்டிலுக்காக வண்டியைத் திறந்து பார்க்கிற செக்போஸ்ட் அது. துப்பாக்கி எங்கே இருக்கிறதோ அந்த எல்லையின் ஸ்டேஷனில்தான் சொல்ல வேண்டும்.

குளத்தில் போடுவது, கிணற்றில் இறக்குவது, கொல்லையில் புதைப்பது, பழைய இரும்புக்குப் போடுவது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். புத்தகத்தில் எண் இருக்கிறது, துப்பாக்கி எங்கே என்று கேட்டால் காட்டப் பொருள் இருக்காது.

"ஓட்டை உடைசல், அருங்காட்சியகச் சாமான், இதுக்கெல்லாமா லைசென்ஸ்?" என்ற கேள்வியும் வரும். 45-ஆம் பிரிவில் பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் ரிப்பேர் செய்தால்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அது பொருந்தும். ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் என்றால் விலக்கு இல்லை. அதை முடிவு செய்வது நாமல்ல.

6. யார் செய்தது, எந்தக் காலத்தது

துப்பாக்கி காலியானதும், ஸ்டேஷனிலோ வியாபாரியிடமோ வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம். இரட்டைக்குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் கடையின் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். பெயரைவிட அதிகம் பேசுவது குழலின் அடியில், பின்முனைக்கு அருகே உள்ள தட்டையான பகுதி. கழற்றினால்தான் தெரியும். குழல் தாங்குகிறதா என்று பார்க்கிற சோதனைச் சாலைகளின் முத்திரைகள் அங்கேதான் இருக்கும்.

கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்ற எழுத்து இருந்தால், 1904-க்குப் பிறகு பர்மிங்ஹாமில் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி., மேலே கிரீடம் என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். பிரான்சின் சேந்த் எத்தியேன் என்ற ஊர்ப்பெயர் இருந்தால், புதுச்சேரி வீட்டுக்கு அது வந்து சேர்ந்த வழி ஊகிக்கக் கூடியதுதான். நம் நாட்டு இஷாப்பூர் தொழிற்சாலைத் துப்பாக்கிகளும் ஏராளம்.

குழலின் மேல்தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோலம் மாதிரி சுருள் சுருளாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, சூட்டில் அடித்து ஒட்டிச் செய்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒட்டிய ஒவ்வொரு இழையிலும் உள்ளுக்குள் துரு ஊர்ந்திருக்கலாம், அது வெளியே தெரியாது. இன்றைய தோட்டாவை அதில் போட்டால் கையோடு பிளந்துவிடலாம். சாதாரணக் குழலின் மேல் வெறும் வரியை மட்டும் பதித்த போலிகளும் உண்டு. எதுவானாலும் சுடுவதில்லை என்று முடிவு செய்துவிடுங்கள்.

12 போர், 16 போர், 20 போர் என்பதில் எண் கூடக் குழல் சிறுக்கும். 12-இன் விட்டம் சுமார் 18.5 மி.மீ., 20-இன் விட்டம் சுமார் 15.6 மி.மீ. இதில் ஒரு கொடிய விபத்து ஒளிந்திருக்கிறது. 12 போர் குழலில் தவறிப்போய் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கி முன்னே போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் இடது கைக்குப் பக்கத்தில் வெடிக்கும். வீட்டு டப்பாவில் இரண்டு அளவும் கலந்து கிடந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

அறை நீளமும் அப்படித்தான். பழைய துப்பாக்கிகளில் பல 65 மி.மீ. அறை கொண்டவை, இன்று கிடைக்கும் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மி.மீ. வாய் மடித்த 70 மி.மீ. தோட்டா 65 அறைக்குள் ஒழுங்காகப் போய் உட்காரும், மூடியும் கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். உள்ளே போகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று எண்ணக் கூடாது.

7. தோட்டாக்கள்

தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். வெயிலில் காய வைக்காதீர்கள், பிரிக்காதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். எண்ணிக்கையைக் கண்ணால் எண்ணி எழுதி, துப்பாக்கியோடு சேர்த்து ஒப்படையுங்கள். ரசீதில் தோட்டா எண்ணிக்கை தனி வரியாக இருக்க வேண்டும்.

8. வாரிசு லைசென்ஸ்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆம் விதி வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க வழி செய்கிறது. ஏ-1 படிவத்தில் கலெக்டர் ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைக்க இடம் இருப்பதற்கான உறுதிமொழி என்று கேட்பார்கள். போலீஸ் விசாரணையும் நடக்கும். அதிகம் இழுப்பது ஆட்சேபணையில்லாக் கடிதம்தான். வெளிநாட்டில் உள்ள அத்தை, பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா எல்லோரிடமும் வாங்க வேண்டியிருக்கும். பாகப்பிரிவினைக்கு எல்லோரும் கூடும் நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஒருவர் பெயரில் அதிகபட்சம் 2 துப்பாக்கி, பரம்பரையாக வந்தாலும் அதே கணக்குத்தான். லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும்.

அப்பாவோ தாத்தாவோ உயிரோடு இருந்தால் இன்னும் சுலபம். அவருக்கு 70 வயதாகியிருந்தாலோ, துப்பாக்கி வாங்கி 25 ஆண்டு ஆகியிருந்தாலோ, அவரே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு மாற்றிக் கொடுக்கலாம். அவர் கையெழுத்துப் போடத் தெம்பாக இருக்கும்போதே இதைக் கேளுங்கள். கேட்பது அபசகுனம் என்று ஒத்திப்போடும் வீடுகளில்தான் பின்னால் பரண் கதை நடக்கிறது.

வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? வீட்டில் ஒருவராவது அதைக் கழற்றித் துடைத்து, புதுப்பித்து, தேர்தல்தோறும் கேட்டால் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி அலையத் தயாராக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டை என்ற நினைப்பு வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. கௌரவத்துக்காக மட்டும் என்றால், வியாபாரிக்கு விற்றுவிடுவதே சரி என்று நினைக்கிறேன். தாத்தா தோளில் சாய்த்து நிற்கிற பழைய போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினால் அந்தக் கௌரவம் குறையாது.

9. திரும்ப வீட்டுக்கு வந்தபின்

தோல் உறையிலும் வெல்வெட் துணியிலும் வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் உப்பையும் ஈரத்தையும் அவை உறிஞ்சி இரும்போடு ஒட்டிவைக்கும், ஒரே மழைக்காலத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். பூட்டுள்ள இரும்பு அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில், சிலிக்கா ஜெல் பை போட்டு நிறுத்தி வையுங்கள். துடைக்கத் துப்பாக்கி எண்ணெய் அல்லது மெல்லிய மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு ஏறி உள் ஸ்பிரிங்குகளில் பிசினாகப் படியும். துடைத்த இரும்பில் வெறுங்கை ரேகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வியர்வை உப்பே துருவுக்குப் போதும். தோட்டா வேறு பூட்டில், வேறு அறையில், சாவிகள் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். குழல் சுவரின் கனமும் உட்பக்கமும் அறை நீளமும் ஒரு மெக்கானிக் அளந்து, இன்ன தோட்டா போடலாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை ஒரு தோட்டாகூட அதில் ஏறக் கூடாது.